நடிப்பது ஒருவர், பாடுவது இன்னொருவர்: செக் தொலைக்காட்சிக்கு ஓபரெட்டா எடுப்பது பற்றிச் சில கேள்விகள்

மேடைக்கென்று எழுதிய ஒரு நகைச்சுவை ஓபரெட்டா. அதைத் தொலைக்காட்சிப் படமாக எடுக்க வேண்டும். முகத்துக்கு நாடக நடிகர்கள், பாட்டுக்கு ஓபரா பாடகர்கள். செக் நாட்டில் இப்படிப் பிரித்து எடுக்கும் பழக்கம் வெகுகாலமாக உண்டு. அதைப் பற்றி இசை தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கேட்கக்கூடிய கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஓபரெட்டா என்றால் சின்ன ஓபராவா?

பெயர் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் விஷயம் நீளத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. ஓபராவில் பெரும்பாலும் தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டுதான். ஓபரெட்டாவில் பாத்திரங்கள் பேசுவார்கள், பொய் சொல்வார்கள், மாட்டிக்கொள்வார்கள், சட்டென்று பாட ஆரம்பிப்பார்கள், பாடி முடித்து ஆடுவார்கள், மறுபடி பேச்சுக்கு வருவார்கள். பாரிஸில் ஓஃபன்பாக் 1858இல் 'ஆர்ஃபியஸ் பாதாளத்தில்' என்று புராணத்தையே கிண்டல் செய்தார். வியன்னாவில் யோஹான் ஷ்ட்ராவுஸ் 1874இல் 'வௌவால்' போட்டார். அன்றைக்குப் பிராக் நகரம் வியன்னாவின் ஆட்சிக்குள் இருந்தது. அங்கே ஓடியது இங்கேயும் வந்துவிடும்.

அதற்குப் பதிலாகச் செக் ஆட்களும் வியன்னாவுக்குப் போனார்கள். ஓஸ்கர் நெட்பால் செக் இசையமைப்பாளர் த்வொர்ழாக்கின் மாணவர், வயலினை ஒத்த வியோலா வாசிப்பவர். அவருடைய 'போலந்து ரத்தம்' 1913 அக்டோபர் 25 அன்று வியன்னாவின் கார்ல் தியேட்டரில் அரங்கேறியது. செக் மொழியில் அதற்குப் 'போல்ஸ்கா க்ரெவ்' என்று பெயர். கீழே உதாரணம் தேவைப்படும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். கதை சுலபமானது, சிக்கல்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

கதையைச் சொல்லிவிடுங்களேன்.

போலெஸ்லாவ் பரான்ஸ்கி என்று ஒரு இளம் பிரபு. சூதாட்டம், குடி, கழுத்துவரை கடன். பக்கத்துப் பண்ணையார் ஸரெம்பா தன் மகள் ஹெலெனாவை அவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். அவனோ ஒரு நடனக்காரியின் பின்னால் சுற்றிக்கொண்டு, ஹெலெனாவைப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறான். ரோஷம் வந்த ஹெலெனா, மரின்யா என்ற பெயரில் அவன் வீட்டுக்கே வேலைக்காரியாகப் போய்ச் சேர்கிறாள். குடிகார நண்பர்களை விரட்டுகிறாள், பண்ணையை நிமிர்த்துகிறாள், அவனையும் வேலை செய்ய வைக்கிறாள். அறுவடைத் திருவிழாவில் வேஷம் கலைகிறது. மூலக்கதை புஷ்கினுடையது.

பாடகர்களையே நடிக்க வைத்தால் வேலை மிச்சம்தானே?

சில சமயம் அப்படியும் செய்கிறார்கள். 1981இல் ஃபிரான்டிஷெக் ஃபிலிப் இயக்கிய, செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் 'விற்கப்பட்ட மணமகள்' தொலைக்காட்சிப் படத்தில் கப்ரியேலா பெனியாச்கோவாவும் பீட்டர் த்வோர்ஸ்கியும் தாங்களே நடித்துத் தாங்களே பாடினார்கள். ஆனால் நான்கு வருடம் முன்பு, 1977இல், பெத்ர் வைகல் படமாக எடுத்த த்வொர்ழாக்கின் 'ருசால்கா' ஓபராவில் இதே இருவரின் குரல் மட்டும்தான் இருக்கிறது. திரையில் தெரிவது மக்தலேனா வாஷாரியோவாவும் மிலான் க்னியாஷ்கோவும். ஒரே குரல் ஜோடியை இரண்டு முறையிலும் பார்க்கலாம் என்பதால், வித்தியாசம் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இந்த இரண்டையும்தான் நான் கைகாட்டுவேன்.

மேடைப் பாடகர் ஆயிரம் பேர் உட்கார்ந்த அரங்கில் மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கப் பாடப் பழகியவர். அந்த வாய்த்திறப்பு, புருவம், கழுத்து நரம்பு எல்லாம் இருபது மீட்டர் தள்ளிப் பார்க்கும்போது வீரம். வரவேற்பறையில் இரண்டு மீட்டரில் பார்த்தால் பல் டாக்டர் ஞாபகம் வரும். காதல் பாட்டுக்கு அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஓபரெட்டாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாதி நேரம் வசனம். நகைச்சுவை வசனத்தை எங்கே நிறுத்தி எங்கே விடுவது என்பது தனி வித்தை. நல்ல சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பாடகி) எல்லோருக்கும் அது கைவராது.

இது நம்ம ஊர்ப் பின்னணிப் பாட்டுதானே? இதில் என்ன புதுசு?

வேலை ஒன்றுதான். டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கு ஒரு விதமாகவும் சிவாஜிக்கு ஒரு விதமாகவும் பாடினார் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

ஆனால் சினிமாப் பாட்டு இன்ன நடிகருக்கு, இன்ன காட்சிக்கு என்று புதிதாக மெட்டமைக்கப்படுவது. சுருதியை ஏற்றலாம், இறக்கலாம், ஒரு வரியைத் தூக்கிவிடலாம். ஓபரெட்டாவில் பாட்டு ஏற்கெனவே எழுதி முடிந்தது, பல சமயம் நூறு வருடத்துக்கு முன்னால். ஒரு பாட்டின் சுருதியை மாற்றினால் அடுத்த பாட்டுக்குப் போகும் இசைப்பாலம் பொருந்தாமல் போகும். அதனால் இங்கே குரலுக்கு ஏற்ற மாதிரி நடிகரைத் தேட வேண்டியிருக்கிறது. நம்ம ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர்.

முதலில் எது, படமா பாட்டா?

பாட்டு. ஆனால் அதற்கும் முன்னால் நடிகர்கள் முடிவாகியிருக்க வேண்டும். யாருடைய முகத்துக்குப் பாடுகிறோம் என்று தெரியாவிட்டால் பாடகர் பழக்கத்தில் கடைசி வரிசைக்குத்தான் பாடுவார். நடிகர் வசனம் பேசுவதை ஒரு டேப்பில் பதிந்து பாடகரிடம் கொடுத்துவிடுவது நல்ல பழக்கம். அந்த ஆளின் சுவாசம், அவசரம், மூக்கொலி எல்லாம் பாடகர் காதில் ஏற வேண்டும்.

அப்புறம் இசைக்குழுவோடு ஒலிப்பதிவு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தாளத்தை எண்ணும் தட்டுகளைச் சேர்த்துக்கொள்வார்கள். படப்பிடிப்பில் டேப்பை ஓடவிட்டதும் நடிகர் எந்த நொடியில் வாய் திறப்பது என்று தெரிய வேண்டுமே! டேப்பும் கேமராவும் ஒரே வேகத்தில் ஓட, டேப்பிலேயே ஒரு வழிகாட்டிச் சமிக்ஞையைப் பதிவது பழைய முறை. அந்தக் காலத்தின் பேர்போன கருவி நக்ரா. கண்டுபிடித்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி போலந்தில் பிறந்தவர், 'நக்ரா' என்றால் போலிஷில் 'பதிவு செய்யும்' என்று அர்த்தம்.

படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் சும்மா வாயசைக்கக் கூடாது. சத்தமாகப் பாட வேண்டும். அபஸ்வரமாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தச் சத்தம் எங்கேயும் போகப்போவதில்லை. நிஜமாகக் காற்றை வெளியே தள்ளினால்தான் தொண்டையும் விலாவும் அசையும். வெட்கப்பட்டு முணுமுணுத்தவரைத் திரையில் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம்.

வெளிப்புறக் காட்சி என்றால் தூரம் ஒரு பிரச்சினை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. தொலைக்காட்சியில் நொடிக்கு 25 பிரேம், அதாவது ஒரு பிரேமுக்கு 40 மில்லிநொடி. கணக்குப் போட்டால், ஒலிபெருக்கியிலிருந்து கிட்டத்தட்ட 14 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் ஒரு பிரேம் தாமதமாகத்தான் பாட்டைக் கேட்பார். அறுவடைத் திருவிழாக் கூட்டத்தில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நாற்பது மீட்டர் இடைவெளி இருந்தால் மூன்று பிரேம் போச்சு. அதனால் ஒரே பெரிய ஒலிபெருக்கிக்குப் பதிலாகச் சின்னதாகப் பலவற்றைப் புதருக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் ஒளித்துவைப்பது உத்தமம்.

வாயசைப்பு எங்கே காட்டிக்கொடுக்கும்?

எல்லோரும் உயிரெழுத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நீட்டிப் பாடும் 'ஆ'வை யார் வேண்டுமானாலும் ஒப்பேற்றலாம். மாட்டிவிடுவது உதடு மூடும் எழுத்துகள்: ப, ம. குரலில் 'ம' வரும்போது உதடு திறந்திருந்தால் இரண்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

செக் மொழிக்கென்று சில விசேஷங்களும் உண்டு. அதில் உயிரெழுத்தே இல்லாத சொற்கள் இருக்கின்றன. விரலுக்கு 'ப்ர்ஸ்ட்', ஓநாய்க்கு 'வ்ல்க்'. அங்கே 'ர்', 'ல்' என்பவையே அசையாக நின்று சுரத்தைத் தாங்கும். வாயை அகலத் திறக்க இடமே இல்லை. இத்தாலிய ஓபராவுக்குப் பயிற்சி எடுத்த நடிகர் பழக்கதோஷத்தில் வாயைப் பிளந்தால் போயிற்று. இன்னொன்று குறில், நெடில். நம்மைப் போலவே செக்கிலும் அது பொருளை மாற்றும், உச்சரிப்பிலும் கறாராக இருப்பார்கள். மெட்டு குறிலை இழுக்கச் சொன்னால் பாடகர் சமாளித்துவிடுவார். நடிகருக்குத்தான் அந்தச் சொல்லை எப்போது விடுவது என்று தெரியாது.

இவற்றையெல்லாம் விட நான் முதலில் பார்ப்பது மூச்சு. பாடகர் மூச்சு இழுக்கும் ஓசை பதிவில் கேட்கும். அந்த இடத்தில் நடிகரின் தோள் எழவில்லை என்றால், உதடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது பொம்மைதான்.

ஜெர்மன் ஓபரெட்டாவைச் செக்கில் பாட வைப்பது எவ்வளவு கஷ்டம்?

மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் தலையில் கைவைத்துக்கொள்வார். செக் மொழியில் சொல்லின் முதல் அசையில்தான் எப்போதும் அழுத்தம். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அழுத்தம் இல்லாத ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் ஜெர்மன் பாட்டு தாளத்தட்டுக்குச் சற்று முன்பே தொடங்குவது சர்வ சாதாரணம். கர்நாடக இசையில் அதீத எடுப்பு என்போமே, ஏறத்தாழ அது. செக்கில் அந்தக் குட்டிச் சொற்கள் கிடையாது. சொல்லைத் தொடங்கினாலே அழுத்தம் விழும், பாட்டு நேரே தட்டில் குதிக்கும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் 'அ' (மேலும்), 'யா' (நான்), 'டென்' (அந்த) என்று ஓரசைச் சொற்களைப் பிடித்து முன்னால் வைத்து ஒப்பேற்றுவார். அளவுக்கு மீறினால் எல்லாப் பாத்திரமும் 'நான், நான்' என்று ஆரம்பிப்பது போல ஆகிவிடும்.

படமாக்கும்போது இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. குரல் செக், முகம் செக், வாயசைப்பு ஆரம்பத்திலிருந்தே செக். ஜெர்மன் படத்தை வாங்கிப் பிறகு செக்கில் டப் செய்தால் வரும் தலைவலி இதில் கிடையாது.

பேச்சிலிருந்து பாட்டுக்குப் போகும் இடத்தில் குரல் மாறுவது தெரியாதா?

தெரியும். எனக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மற்றவற்றையெல்லாம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். ஓபரெட்டாவில் சிரிப்பு இருப்பது பெரும்பாலும் அந்தத் தையலில்தான். பரான்ஸ்கி கடன்காரர்களிடம் அரைமணி நேரம் கெஞ்சிவிட்டுச் சட்டென்று மசூர்கா என்ற போலந்து நடனத்தின் தாளத்தில் பாட ஆரம்பிக்கிறான் என்றால், அந்தச் 'சட்டென்று'தான் நகைச்சுவை. சரியாக அந்த நொடியில் ஒரு ஆளின் குரல் போய் இன்னொரு ஆளின் குரல் வந்தால், பார்ப்பவர் சிரிக்க மறந்து 'யார் இது?' என்று யோசிக்கிறார். ஓபராவில் இந்த ஆபத்து இல்லை, அங்கே மாறுவதற்குப் பேச்சே கிடையாது. வைகல் 'ருசால்கா'வை எடுத்தபோது அவருக்கு இந்தத் தலைவலி இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கதையில் நீர்த்தேவதை மனுஷியாக மாறக் கொடுக்கும் விலையே தன் குரல்! கடன் வாங்கிய குரலில் பாடும் நடிகைக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் உண்டா?

ஓபரெட்டாவுக்கு வருவோம். தையலை மறைக்க மூன்று, நான்கு வழிகள் உண்டு. பாத்திரத்தின் வசனத்தையும் பாடகரையே டப்பிங் பேசச் செய்வது ஒன்று. குரல் ஒட்டிக்கொள்ளும், நடிப்பு போய்விடும். எனக்குப் பிடிக்காத வழி. பாட்டின் முதல் வரியை நடிகரே தன் சொந்தக் குரலில் பாதி பேச்சாகப் பாடி, இரண்டாம் வரியில் இசைக்குழு எழும்போது பாடகரிடம் ஒப்படைப்பது இன்னொன்று. நன்றாக அமைந்தால் காதுக்குத் தெரியாது. அப்புறம் காட்சியை வெட்டுவது: கடைசி வசனத்தின்போது கேட்பவர் முகத்தைக் காட்டிவிட்டு, பாட்டு தொடங்கியபின் பாடுபவரிடம் திரும்புவது. தூரத்துக் காட்சியில் தொடங்கி மெல்ல நெருங்குவதும் இதே குடும்பம்.

செக் இசையில் இதற்கு ஒரு பழைய சொத்தும் இருக்கிறது. இசைக்குழு வாசிக்க, அதன் மேல் நடிகர் பாடாமல் பேசுவது. இதற்கு மெலோடிராமா என்று பெயர். நாம் அழுகைப் படத்தைச் சொல்கிறோமே, அந்த அர்த்தம் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் போஹேமியாவில் பிறந்த யிர்ஷீ பெண்டா இதைப் பிரபலமாக்கினார். அடுத்த நூற்றாண்டின் இறுதியில் ஸ்தெனியெக் ஃபிபிஹ் 'ஹிப்போடாமியா' என்று மூன்று முழுநீள நாடகங்களையே இப்படி இசையமைத்தார். ஓபரெட்டாவில் வசனத்தின் கடைசிப் பத்து நொடியில் இசையை அடியில் நுழைத்துவிட்டால், பாட்டு வரும்போது அது வானத்திலிருந்து விழாமல், ஏற்கெனவே அங்கே இருந்தது போலத் தோன்றும்.

ஸ்மெதனாவும் வேறு காரணத்துக்காக இதே தையலில்தான் கைவைத்தார். 'விற்கப்பட்ட மணமகள்' 1866 மே 30 அன்று பிராக்கில் அரங்கேறியபோது அதில் பேச்சு வசனம் இருந்தது. போருக்கு முந்தைய பதற்றம், வெயில், விடுமுறை நாள், கூட்டமும் வரவில்லை. பிறகு திருத்தித் திருத்தி, 1870 செப்டம்பர் 25 அன்று வந்த இறுதி வடிவத்தில் பேச்சையெல்லாம் இசையோடு சொல்லும் நடைக்கு மாற்றிவிட்டார். உலகம் பார்ப்பது அந்த வடிவத்தைத்தான்.

சிரிப்பு, திக்கல், விக்கல் இவற்றை யார் செய்வது?

இசைப் பிரதியில் சுரமாக எழுதியிருந்தால் பாடகர், எழுதாவிட்டால் நடிகர். சொல்லச் சுலபம்.

'வௌவால்' ஓபரெட்டாவில் வேலைக்காரி அடெலே பாடும் பாட்டில் சிரிப்பே சுரமாக எழுதப்பட்டிருக்கிறது. தன்னை அடையாளம் கண்டுபிடித்த முதலாளியை முகத்துக்கு நேரே கேலி செய்கிறாள். நடிகை அதற்கு வாயசைத்தால் மட்டும் போதாது, வயிறும் குலுங்க வேண்டும். சுரத்துக்குச் சரியாகக் குலுங்கினால் இயந்திரமாகத் தெரியும், தப்பாகக் குலுங்கினால் டப்பிங் தெரியும். என் யோசனை: சிரிப்பின் முதல் துளியை மட்டும் துல்லியமாகப் பிடித்துவிட்டு, மிச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்.

'விற்கப்பட்ட மணமகள்' நகைச்சுவை ஓபராதான், ஆனாலும் அதில் வரும் வாஷெக்கை விட்டுவிட முடியாது. திக்குவாய் இளைஞன். முதல் பாட்டே 'மா ம-ம-மதிச்கா', அதாவது 'எ-எ-என் அம்மா'. திக்கல் முழுக்கச் சுரத்தில் அளந்து எழுதியது. எல்லாமே 'ம', எல்லாமே உதடு மூடும் எழுத்து! வேறொருவர் குரலுக்கு இதை அண்மைக் காட்சியில் வாயசைப்பது சர்க்கஸ். அவனைக் கேலிப்பொருளாக மட்டும் காட்டினால் இன்றைக்கு யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். பாட்டைக் கவனித்துக் கேளுங்கள், அவன் பயந்துபோன பிள்ளை.

பெண் குரலில் பாடும் ஆண் பாத்திரம் வந்தால்?

'வௌவால்' கதையின் இளவரசன் ஓர்லோஃப்ஸ்கி மெஸ்ஸோ சோப்ரானோவுக்காக, அதாவது பெண் குரலுக்காக எழுதப்பட்டவன். மேடையில் இது ஒரு மரபு, யாரும் கேட்கமாட்டார்கள். திரையில் ஆண் நடிகரை வைத்துப் பெண் குரல் கொடுத்தால் வேறு ஏதோ கதை ஆகிவிடும். பெண்ணையே ஆண் உடையில் நடிக்க வைப்பது, அல்லது ஆண் பாடகரைப் பாட வைப்பது. இரண்டில் ஒன்று. நான் முதலாவதன் கட்சி.

எவ்வளவு வெட்டலாம்?

மேடை ஓபரெட்டா இடைவேளையோடு மூன்று மணி நேரம் போகும். தொலைக்காட்சியில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். முதலில் போக வேண்டியவை, கூட்டம் மேடைக்கு வரவும் போகவும் எழுதிய இசைத்துண்டுகள். கேமராவுக்கு ஒரு வெட்டு போதும். இரண்டாவதாக, கைதட்டலுக்காகத் திரும்பப் பாடும் சரணங்கள். கைதட்ட ஆள் இல்லை. 'போலந்து ரத்தம்' வார்சாவில் ஒரு நடன விருந்தில் தொடங்குகிறது. அந்த விருந்தில் பாதியைத் தாராளமாகக் குறைக்கலாம், ஹெலெனாவுக்கு ரோஷம் வரும் காட்சிவரை போய்ச்சேர்ந்தால் சரி.

தொடக்கூடாதது அங்க முடிவுகள். வியன்னா ஓபரெட்டாவில் இரண்டாம் அங்கத்தின் முடிவில்தான் எல்லாம் உடையும். நீளமாக இருக்கிறதே என்று அதைக் குறைத்தால் மூன்றாம் அங்கத்தின் சமாதானத்துக்கு அர்த்தமில்லை.

ஹெலெனாவுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவள் பண்ணையார் மகளாகவும் பாடுகிறாள், வேலைக்காரி மரின்யாவாகவும் பாடுகிறாள். நடிகை நடையை மாற்றுவாள், தலையில் துணி கட்டுவாள். ஸ்டுடியோவில் பாடியவர் இரண்டையும் ஒரே மாதிரிப் பாடியிருந்தால் வேஷம் காதில் கலைந்துவிடும். 'இவ்வளவு நேரமா இந்த மடையனுக்குத் தெரியவில்லையா' என்று பரான்ஸ்கி மேல் எரிச்சல் வரும்.

24 பிரேம், 25 பிரேம் என்கிறார்களே, அதனால் பாட்டுக்கு என்ன?

சினிமா நொடிக்கு 24 பிரேம், ஐரோப்பியத் தொலைக்காட்சி 25. சினிமாவுக்கு எடுத்ததை அப்படியே தொலைக்காட்சியில் ஓட்டினால் சுமார் 4 விழுக்காடு வேகம் கூடும். பேச்சில் தெரியாது. பழைய முறையில் ஓட்டினால் பாட்டின் சுருதி அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும், டெனரின் (உயர்ந்த ஆண் குரல்) உச்ச சுரம் இன்னும் உச்சத்துக்குப் போகும். அதனால் தொலைக்காட்சிக்கென்றால் ஆரம்பத்திலேயே 25இல் எடுத்துவிட வேண்டும், ஒலிப்பதிவும் அதற்கேற்ப.

குரல் மாற்றவே கூடாத இடம் எது?

பாடத் தெரியாததுதான் வேடிக்கை என்றால் மாற்றக் கூடாது. 'வௌவால்' மூன்றாம் அங்கத்தில் குடிகாரச் சிறைக்காவலன் ஃப்ரோஷ் வருவான். அவனுக்குப் பாட்டே இல்லை, நகைச்சுவை நடிகருக்கென்றே ஒதுக்கிய பேச்சு வேஷம். பழைய பாட்டு எதையாவது கோணல்மாணலாக முணுமுணுத்தால் அது நடிகரின் சொந்தக் குரலாகத்தான் இருக்க வேண்டும். (மேடையில் இவன் அன்றைய செய்தியை வைத்து ஜோக் அடிப்பான். தொலைக்காட்சியில் வேண்டாம், மறுஒளிபரப்பில் ஊசிப்போகும்.)

செக் நாட்டில் இதன் உச்சம் பிராக்கின் யாரா சிம்ர்மன் நாடகக்குழு. சிம்ர்மன் என்பவர் ஸ்தெனியெக் ஸ்வெராக்கும் லாதிஸ்லாவ் ஸ்மோல்யாக்கும் மற்ற நண்பர்களும் கற்பனையில் உண்டாக்கிய, எல்லாம் தெரிந்த, எதிலும் ஜெயிக்காத மேதை. அவர்களுடைய 1969 நாடகம் ஒன்றில், சிம்ர்மன் ஒரு ஓபரெட்டாவை வியன்னா போட்டிக்கு அனுப்புகிறார். நடுவர்கள் அதைப் பிய்த்துத் தங்கள் ஓபரெட்டாக்களில் சேர்த்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். வியன்னா மேல் செக் மக்களுக்கு இருந்த பொறாமையும் பாசமும் இதைவிடச் சுருக்கமாக வராது. அந்தக் குழுவில் சுமாராகப் பாடுபவர்கள் முழு கம்பீரத்தோடு பாடுவார்கள். அங்கே ஒரு நல்ல டெனரைக் கொண்டுவந்து வைத்தால் கொலைக்குற்றம்.

பார்வையாளர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கமாட்டார்களா?

செக்காரர்கள் டப்பிங்கில் ஊறியவர்கள். பிரெஞ்சு நடிகர் லூயி த ஃபூனேவுக்குக் குரல் கொடுத்த ஃபிரான்டிஷெக் ஃபிலிபோவ்ஸ்கி அங்கே அவ்வளவு பிரியமானவர். டப்பிங் கலைஞர்களுக்கான விருதே அவர் பெயரில், அவர் பிறந்த ப்ர்ஷெலோவுச் ஊரில் கொடுக்கப்படுகிறது.

எதிர்த்திசையில் இன்னும் பழைய கதை. 'போலந்து ரத்தம்' 1934இல் ஜெர்மனிலும் செக்கிலும் தனித்தனியாகப் படமானது, இரண்டிலும் நாயகி அன்னி ஒந்த்ரா. அதற்கு ஐந்து வருடம் முன்பு அவர் ஹிட்ச்காக்கின் முதல் பேசும் படமான 'பிளாக்மெயி'லில் நடித்தபோது, அவருடைய ஆங்கிலத்தில் செக் வாடை அதிகம் என்று ஜோன் பாரி என்ற நடிகையைக் கேமராவுக்கு வெளியே நிறுத்திப் பேச வைத்தார்கள். பிறகு சேர்க்கும் வசதி அப்போது இல்லை. ஒருவர் பேசப் பேச, அதே நொடியில் இன்னொருவர் வாயசைத்தார்.

பாடகர் பெயரை எங்கே போடுவது?

நடிகர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவில். கடைசியில் ஓடும் பட்டியலில் நாற்பதாவது வரியாகப் போடுவது அநியாயம்.

உரிமை பற்றியும் கேட்பீர்கள். நெட்பால் 1930இல் இறந்தார். இறந்து 70 ஆண்டு என்ற ஐரோப்பியக் கணக்கில் அவர் இசை பொதுச்சொத்து. ஆனால் செக் மொழிபெயர்ப்புக்கும் புதிய இசைச் சேர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. பாட்டு வரியில் ஒரு சொல்லை மாற்றுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாகப் பாடத் தெரிந்த நடிகருக்கும் குரல் மாற்றுவார்களா?

கரெல் ஃபியாலாவைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பிராக்கின் கார்லின் இசை நாடக அரங்கு ஓபரெட்டாவுக்குப் பேர்போனது. அதன் பாடகராக இருந்தவர் அவர், பயிற்சி பெற்ற குரல். 1956இல் ஸ்மெதனாவின் 'தாலிபோர்' படமானபோது நாயகன் அவர்தான், பாடியது பேனோ ப்லாஹுட். 1964இல் கௌபாய் கேலிப்படமான 'லெமனேட் ஜோ'வில் மறுபடி நாயகன். இம்முறை குரல் பாப் பாடகர் கரெல் கோட்டுடையது. அதே படத்தில் நடிகை க்வியெதா ஃபியாலோவாவுக்குப் பாடகி இவெத்தா சிமோனோவா பாடினார். 1984இல் மிலோஷ் ஃபோர்மன் 'அமதேயஸ்' எடுத்தார். மொசார்ட்டின் 'டான் ஜொவானி' 1787இல் அரங்கேறிய அதே பிராக் அரங்கின் மேடையில் ஃபியாலா டான் ஜொவானியாக வந்து நின்றார். பாடியவர் அமெரிக்க பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) ரிச்சர்ட் ஸ்டில்வெல்.

மூன்று படத்திலும் அவருடைய வாயசைப்பில் ஒரு பிசகு கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆள்.